போன் எடுக்கலன்னாலும் இத முழுசா படிச்சிரு கண்ணு

பாப்பா,

நல்லாருக்கியா கண்ணு. மாப்ள நல்லாருக்காரா, பேரன் ஒழுங்கா சாப்பிடறானா. நான் இங்க நல்லாத்தான் இருக்கன். போன் பண்ணா மீட்டிங்னு மெசேஜ் வருது, ராத்திரி பண்ணா தூங்கிட்டேன் காலைல பேசறேம்பான்ற, அந்த காலை வரதே இல்ல, சரி வேல இருக்கும்னு நானும் விட்டுட்டன். எதுத்த வூட்டு பையன் மைக் படத்த தொட்டு பேசுனா அதுவே டைப் அடிக்கும் தாத்தான்னு சொல்லிக் குடுத்தான். பேசிப் பாத்தா களின்னு சொன்னா கிளின்னு போடுது. கிளி கிண்டி சாப்ட்டன்னு உனக்கு அனுப்பியிருப்பன். அதனால ஒத்த வெரல்லயே அடிக்கறன், மூணு நாளா அடிக்கறன், தப்பு இருந்தா திட்டாத. உங்கம்மா இருந்தா செவப்பு பேனாவ எடுத்திருப்பா.

நீ நேரத்துக்கு சாப்பிடு. அதுதான் முக்கியம். போன தடவ வீடியோல பாத்தப்ப கழுத்தெலும்பு தெரிஞ்சுது.

பின்னாடி இருக்கற செந்தூரா மாமரம் இந்த வருஷம் நல்லா காச்சுது, எல்லாம் தெருவுக்கே குடுத்தன், அணிலுக்கு மிச்சம். பெங்களூரா போட்டவங்க பாடுதான் பாவம், கூழ் பேக்டரிக்காரன் கேக்கற வெலைக்கு பறிக்கற கூலிகூட தேறலன்னு உன் சின்ன மாமன் மரத்துலயே வுட்டுட்டான். கடைய வாரத்துல நாலு நாள் தெறக்கறன். பிளவுஸ் யாரும் என்கிட்ட குடுக்கறதில்ல, எல்லாம் பேண்ட் அடி மடிச்சி தெக்கறது, ஜிப்பு மாத்தறது, அவ்ளோதான். கண்ணு தெரியுது, ஊசில நூல் கோக்கத்தான் பையன கூப்பிடறன்.

சரி விஷயத்துக்கு வரன்.

உங்கம்மா கிட்ட படிச்ச பசங்க வந்திருந்தாங்க, ஒரு பத்து பேரு. ஆடி 18 தாண்டி ரெண்டு நாளு அவளுக்கு வருஷ தெவசம் வருதில்ல. நாம அனுமன்தீர்த்தம் போயி தெம்பெண்ணைல முழுகிட்டு வந்து வூட்ல படையல் போட்டுக்கலாம்னு நெனச்சிருந்தன். அவங்க பள்ளிக்கூடத்துல ஒரு பங்ஷன் வெக்கறாங்களாம். ரெண்டு பீரோ, கொஞ்சம் புக்கு, கிளாஸ் ரூம்ல ஒரு போர்டு. போர்டுல உங்கம்மா போட்டோ போட்டு கீழ பத்து வரில அவங்க வாழ்க்கைய எழுதணுமாம். போட்டோவும் எழுதனதும் அடுத்த வெள்ளிக்குள்ள ஸ்டிக்கர் கடைக்கு போவணுமாம். அப்பா நீங்களே எழுதிக் குடுங்கன்னாங்க. நீதான் பேங்க்ல உக்காந்து லெட்டர் லெட்டரா எழுதறவ, நீ எழுதுவன்னு சொல்லிட்டன். அதுக்குத்தான் உனக்கு அத்தன போன் பண்ணன். வேற ஒண்ணும் இல்ல.

முதல்ல போட்டோ கதைய கேளு. பசங்க சொல்றாங்க டீச்சர் சிரிக்கற மாதிரி ஒண்ணு குடுங்கன்னு. நானும் பொட்டிய கவுத்து தேடறன், எங்க கல்யாண ஆல்பம், உன் காதுகுத்து, ரிட்டயர்டு பங்ஷன், உன் கல்யாணம், ஒண்ணுத்துலகூட வாயத் தெறக்கல. மூடுன வாயி, இல்லன்னா முந்தானையோ கையோ குறுக்க இருக்கு. நாப்பது வருஷம் கூட இருந்துட்டு இப்பத்தான் கவனிக்கறன்னா பாரேன். பென்னாகரம் பக்கத்து கெணத்து தண்ணி குடிச்சி வளந்த பல்லு, காப்பி கலரு கோடு கோடா. ஃபுளோரைடு. சின்ன வயசுல பல்லு உருவாகறப்பவே உள்ள ஏறிடுமாம், அப்பறம் எத்தன சொரண்டுனாலும் போவாது. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரில எத்தன ஊர்ல புள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குதுங்க, பொண்ணு பாக்க வரப்ப தலையக் குனிஞ்சிக்கிட்டே இருக்குதுங்க. அவ கிளாஸ்ல குரூப் போட்டோ எடுக்கறப்ப, பாதி புள்ளைங்க உதட்ட இறுக்கிக்கும்னு சொல்லுவா. சிரிங்கடான்னு சொல்ல எனக்கு வாய் வரல, நானே மூடிக்கிட்டுத்தான நிக்கறேம்பா. வூட்டுக்கு வூடு போயி, தண்ணிய காய்ச்சினா இது போவாதும்மா இன்னும் கெட்டியாத்தான் ஆவும், மழத்தண்ணி புடிச்சி வெச்சிக்கங்கன்னு சொல்லிட்டு வருவா. 2013ல ஃபுளோரைடு தொல்ல இல்லாத ஒகேனக்கல் காவிரித் தண்ணி வந்துச்சே, மொத குடம் புடிச்ச அன்னிக்கு குடிக்கல, சும்மா பாத்துக்கிட்டே இருந்தா. எனக்கு அப்ப புரியல, குடத்த உள்ள வெய்யி எறும்பு ஏறப்போவுதுன்னன். எறும்பு தண்ணிக்கு ஏன் ஏறும், என் அறிவு அவ்ளோதான்.

உன்கிட்ட ஏதாவது சிரிச்ச போட்டோ இருந்தா அனுப்பு. போன்ல எடுத்திருப்ப, நீ சின்னதுல இருந்து அவள சிரிக்க வெப்ப.

எழுத உக்காந்தன் நானும். பிறந்தது 1957. வேலைக்கு சேந்தது 1985. ரிட்டயர்டு 2015. மூணு வரி. இதுக்கு மேல அளவு நோட்டு மாதிரி நிக்குது, தோள் இவ்ளோ கை இவ்ளோன்னு. ஆள் எங்க.

பசங்கதான் மாத்தி மாத்தி சொன்னாங்க அன்னிக்கு, எனக்கு பாதி தெரியாது. டவுன் பஸ் ஓட்டறானே அந்தப் பையன், அவங்க அப்பா அம்மா பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போயிட்டாங்க, இவன் பாட்டி கூட கொஞ்ச நாள், அங்க கொஞ்ச நாள். ஆறு மாசம் பள்ளிக்கூடம் வராதவன் பேர அடிக்கச் சொல்லி மேல இருந்து கேட்டாங்களாம், இவ அடிக்கல. லீவு லெட்டர் வந்திருக்குதுன்னு சொல்லி இவளே எழுதி வெச்சிருக்கா, டீச்சரே புள்ளைக்கு லீவு லெட்டர் எழுதறது எங்கயாவது உண்டா. பொங்கலுக்கு வந்தவன் நேரா கிளாஸ்ல வந்து உக்காந்துக்கிட்டானாம், அவன் சிலேட்டு அதே எடத்துல இருந்துச்சாம். இத அவன் சொல்லிட்டு மூக்க உறிஞ்சறான், முப்பத்தஞ்சு வயசு ஆம்பள. எட்டாவதோட நிறுத்தி தாய்மாமனுக்கு முடிக்கப் பாத்தாங்களே ஒரு பொண்ண, இவ கிட்ட அஞ்சாவது வரைக்கும் படிச்சது, அது ஓடி வந்து நம்ம வூட்டு திண்ணைல உக்காந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ உன் பாவாடைய எடுத்து குடுத்த. அது இப்ப சேலத்துல நர்ஸு. அன்னிக்கு அந்த மாமங்காரன் கடைக்கு வந்து என் கட்டிங் டேபிள கவுத்துட்டு போனான், நான் உங்கம்மாவ திட்டனன், ஊர் வம்பெல்லாம் நமக்கு எதுக்குன்னு. அதயும் சொல்லணுமில்ல.

கவர்மெண்ட் யூனிபாரம் வரும் பாரு, எந்தப் புள்ளைக்கும் அளவு சரியா இருக்காது, தொளதொளன்னு தொங்கும் இல்ல அக்குள்ள புடிக்கும். சாக்குப் பையில முப்பது செட்டு தூக்கிக்கிட்டு வருவா. ராத்திரி பத்து மணிக்கு மேல நான் பிரிச்சி தெப்பன், அவ பட்டன் வெப்பா. காசு கெடையாது. டீச்சர் வூட்டுக்காரர்னு ஊர்ல எனக்கு பேரு, டெய்லர்னு ஒருத்தன் கூப்பிட மாட்டான். டீச்சர் வூட்டுக்காரரே டீ சாப்பிடலாமா. நான் சிரிப்பன். உள்ள எரியும். அது உனக்குத் தெரியாது.

சரி. பசங்க அவங்களாவே ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கிட்டு வந்திருந்தாங்க, அதுல ஒரு வரி. "குடும்பத்திற்காகத் தலைமையாசிரியர் பதவி உயர்வையே துறந்த தியாகச் செம்மல்". நல்லாருக்கா அப்பான்னு கேட்டாங்க. நல்லாருக்கு வெச்சிட்டு போங்கன்னன். அன்னிக்கு இருந்து எனக்கு தூக்கம் இல்ல கண்ணு.

இன்னொண்ணும் காதுக்கு வந்துச்சி. உன் பெரிம்மா பொண்ணு வந்திருந்தா, வெத்தல பாக்கு வெக்க. பேச்சோட பேச்சா என்னமோ சொன்னா. உன் பேங்க்ல பிரமோஷன் லிஸ்டாம், வந்தா வேற ஸ்டேட்டு போடுவாங்களாம், பேரனுக்கு பத்தாவது வருதாம். நான் ஒண்ணும் கேக்கல. உன் வேல உன் குடும்பம், மாப்ள இருக்காரு, நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, நான் யாரு நடுவுல. நீ சொன்னதா அவ ஒண்ணு சொன்னா, அத மட்டும் எழுதறன். எங்கம்மா எனக்காக விட்டாங்க, நான் என் புள்ளைக்காக விடறதுல என்னன்னு சொன்னியாமே.

சாப்பாட்ட மட்டும் விடாத. காலைல வெறும் டீ குடிச்சிட்டு ஓடாத, உங்கம்மாவும் அப்படித்தான் ஓடுவா, நாலு மணிக்கு எழுந்து நமக்கெல்லாம் களியும் கீரையும் பண்ணி வெச்சிட்டு அவ டிபன்ல ரெண்டு வாய் போட்டுக்கிட்டு ஏழே முக்கா பஸ்ஸுக்கு ஓடுவா. முப்பது வருஷத்துல நான் ஒரு நாள் ஒரு தட்டு கழுவல. இப்ப நானே கிண்டறன், கட்டி கட்டியா வருது. மாவ எப்ப கொட்டணும்னு கேட்டு வெச்சிருக்கலாம்.

2003 ஸ்ட்ரைக்க நீ மறந்திருக்க மாட்ட. ஜூலை மாசம். ஒரே ராத்திரில டீச்சருங்க, கவர்மெண்ட் ஆபீஸுல இருக்கறவங்கன்னு 1 லட்சத்து 70 ஆயிரம் பேர வேலைய விட்டு எடுத்தாங்களே. நம்ம வூட்டுக்கும் அந்த சேதி வந்துச்சி. அவ சங்கத்து ஆளு, முன்னாடி நின்னு கோஷம் போட்டவ. அந்த மாசம் சம்பளம் இல்ல. கேஸு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அப்பறம் மன்னிப்பு எழுதி வாங்கிக்கிட்டு திரும்ப சேத்தாங்க. அவ அந்த நாள்ல என் மிஷின் பக்கத்துல உக்காந்து காஜா எடுத்தா. நம்ம வூட்டு அரிசி, உன் நோட்டு, பால் கணக்கு எல்லாம் என் கைக்காசுல ஓடுச்சி. அவ அழுதுக்கிட்டு இருந்தா, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு தெம்பு. கடைத்தெருவுல நெஞ்ச நிமித்தி நடந்தன். திரும்ப வேல கெடச்சிதுன்னு அவ சந்தோஷமா ஓடி வந்து சொல்றா, எனக்கு என்னமோ கையில இருந்தத புடுங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சி. இத யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்ற மாதிரி விஷயமா இது.

அடுத்த வருஷமே எச்.எம். பிரமோஷன் வந்துச்சி. 2004 ஜூன். சித்தேரி மலை மேல ஒரு பள்ளிக்கூடம். பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்ப ஒரு தடவ அந்த மலைக்கு போயிட்டு வந்தவ அவ, அரிக்கேன் லைட்டு வெச்சிக்கிட்டு கெழவிங்க கைநாட்டு வெக்கறத விட்டு பேரு எழுதுனாங்கன்னு, சாம சோறு போட்டாங்கன்னு, வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருப்பா. ஆர்டர் பத்தி தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி என்கிட்ட வந்து, என்னங்க, வாரத்துல அஞ்சு நாள் அங்கயே ஒரு ரூம் பாத்து தங்கிக்கலாமா, பாப்பாவ உங்கம்மா பாத்துக்குவாங்க, சனி ஞாயிறு வந்துடுவன்னு கேட்டா. கண்ணெல்லாம் வெளிச்சம். பல்லு தெரிய சிரிச்சா கண்ணு, கைய வெக்கல. எனக்கு இப்ப எழுதறப்பதான் ஞாபகம் வருது.

நான் என்ன சொன்னன் தெரியுமா. எச்.எம். வூட்டுக்காரர்னு கூப்பிடுவானுங்க, நான் மிஷின தலைல தூக்கிக்கிட்டு மலைக்கு வரவான்னன். எவ சோறாக்கறதுன்னன். இன்னும் என்னென்னமோ, எழுதற மாதிரி இல்ல. ஒரு வாரம் அவகூட பேசல, அவ போட்ட சோத்த தொடல, கடைலயே படுத்தன். எட்டாம் நாளு அவளா வந்து, சரி வேணாம்னு எழுதிக் குடுத்துடறன்னா.

உனக்கு அந்த ஏப்ரல்ல மஞ்சக்காமால வந்துச்சி. கீழாநெல்லி அரைச்சி மோர்ல குடுத்து மே மாசமே சரியாயிடுச்சி, ஜூன்ல நீ மாங்கா மரத்து மேல இருந்த. பத்தாவது போற. நான்தான் அத புடிச்சிக்கிட்டன். மகள் உடல்நிலை, பொதுத்தேர்வுன்னு காரணம் போடு, கவுரவமா இருக்கும்னன். ஊருக்கும் அதையே சொன்னன், பொண்ணுக்காக விட்டுட்டான்னு. அவ ஒரு வார்த்த மறுக்கல. அப்பறம் நீ 2012ல பேங்க் வேலைக்கு வடக்க போறன்னு நின்னப்ப, நடு வூட்ல நின்னு உன்ன கேட்டன் பாரு, உன்னாலதான்டி உங்கம்மா எச்.எம். ஆகல, நீ அவள விட்டுட்டு போறியான்னு. உங்கம்மா என்ன திரும்பிப் பாத்தா. ஒண்ணும் சொல்லல, உள்ள போயி மொறத்துல கேவுரு பொடைக்க ஆரம்பிச்சா, ராத்திரி ஒம்பது மணிக்கு. நீ போயிட்ட, பஸ் ஏத்தி விட்டது அவதான்.

போன வருஷம் அவள எடுக்கறப்ப நீ கால புடிச்சிக்கிட்டு, என்னாலதான்மா என்னாலதான்மான்னு கத்துன. எல்லாரும் உன்ன தேத்துனாங்க. நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டு இருந்தன். வாய் தெறக்கல. பதினாறாம் நாள் வரைக்கும் நீ இங்கதான் இருந்த, ஒரே வூடு, ஒரே திண்ண, அப்பவும் சொல்லல. நாளைக்கு சொல்லலாம்னு தள்ளித் தள்ளி, நீ பொட்டியோட வாசல்ல நின்னப்ப, புளி எடுத்துக்கிட்டியான்னு கேட்டன்.

உன்ன இப்படி பண்ணு அப்படி பண்ணுன்னு சொல்ல நான் இத எழுதல. நீ போ, போவாத, அது உன் இஷ்டம். பத்தாவது ஒரு வருஷம்தான், பையன் சூட்டிகையானவன், மாப்ளைக்கு தோச ஊத்தத் தெரியும்னு வேற கேள்விப்பட்டன், இருந்தாலும் உன் இஷ்டம். உங்கம்மா உனக்காக விட்டான்னு மட்டும் நெனச்சிக்கிட்டு எதையும் பண்ணாத. அவ விடல. நான் விட வெச்சன். மூணு வருஷம் கழிச்சி திரும்ப வாய்ப்பு வந்தப்ப நானே போயி, வேணும்னா போயேன்னன். அப்பத்தான் 2007ல செயல்வழிக் கற்றல்னு, புள்ளைங்க தானா எடுத்து படிக்கற அட்டையெல்லாம் வந்துச்சி, டீச்சருங்களும் தரைல உக்காரணும்னு. அவ கீழ உக்காந்துக்கிட்டு, கம்பில புள்ளைங்க வரஞ்ச படத்தெல்லாம் தொங்க விட்டுக்கிட்டு இருந்தா. இனிமே எதுக்குங்க, எனக்கு இங்க சரியா இருக்குன்னா. நெசமா சொன்னாளா, என்ன பாத்து பயந்து சொன்னாளா, எனக்கு இன்னிக்கும் புரியல. ரிட்டயர்டு ஆன அன்னிக்கும் சாதா டீச்சராத்தான் மால வாங்கிக்கிட்டு வந்தா. இப்ப மாசா மாசம் அவ பென்ஷன்ல ஒரு பங்கு என் கணக்குல வந்து விழுது. அந்தப் பணத்த எடுக்கப் போறப்பல்லாம் கை கூசுது.

போர்டுல அந்த வரிய எடுக்கச் சொல்லி நேத்து பஸ் ஓட்டற பையன் கிட்ட சொல்லிட்டன். ஏம்பா, அதுதான அப்பா அழகான வரின்னு கேட்டான். அது பொய்யிடான்னன். அவன் கொஞ்ச நேரம் பேசல. சரிப்பா, அந்த எடத்துல என்ன போடறதுன்னு கேக்கறான். லீவு லெட்டர் எழுதனத போடுன்னன், போர்டுல அதெல்லாம் போட மாட்டாங்கப்பான்றான். நீ எழுது. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் இருக்கு.

ஆடி 20க்கு வர முடியுமான்னு கேக்கல, லீவு கஷ்டம்னு தெரியும். வந்தா பேரனையும் கூட்டிக்கிட்டு வா. கொட்ட எடுத்த புளி அஞ்சு கிலோ உனக்குன்னு சட்டில உப்பு போட்டு வெச்சிருக்கன், கொள்ளும் இருக்கு. கோவமா இருந்தா கோவமாவே பேசு, எடுத்து திட்டிட்டு வெச்சிடு, பரவால்ல.

பென்ஷனுக்கு பேப்பர் தேடறப்ப அவ பச்ச பைல்ல, பிரமோஷன் வேணாம்னு குடுத்த லெட்டரோட இந்த நகல் இருந்துச்சி, இருவது வருஷமா பத்திரமா மடிச்சி வெச்சிருக்கா. போட்டோ எடுத்து கீழ அனுப்பறன், பையன் சொல்லிக் குடுத்த மாதிரி வருதான்னு பாரு. கடைசில இருக்கற கையெழுத்து மட்டும்தான் உங்கம்மாவோடது. மேல இருக்கறதெல்லாம், மகள் உடல்நிலைல இருந்து பணிவுடன் வரைக்கும், உனக்கே தெரியும், என் அளவு நோட்டுல நீ தெனம் பாத்த அதே எழுத்து.

அப்பா